இறங்க இறங்க ஏறிய எண்

ஆட்கள் இறங்க இறங்க எண் ஏறிக்கொண்டிருந்தது.

காலை ஆறு மணிக்குப் பூம்பொழில் குடியிருப்பின் 'சி' பிளாக்கில் இருநூற்றுப் பதினான்கு பேர். அது வீட்டுவசதி வாரியத்தின் பதிவேட்டுக் கணக்கு; கருவி தினமும் எண்ணத் தொடங்குவது அதிலிருந்துதான். அதற்கப்புறம் மெத்தைச் சுருளும் கேஸ் அடுப்பும் சாமிப் படமுமாக ஒவ்வொரு குடும்பமும் படியிறங்கிப் போயிற்று. சிலர் காலையிலேயே வேன் பிடித்துப் புது இடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சப்பேர் எதிர்ப் பிளாட்பாரத்தில் மூட்டைகள்மேல் உட்கார்ந்து, வாரியத்தையும் வாரியம் பெற்ற பிள்ளைகளையும் வாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தார்கள். மணி நாலு பத்து. செண்பகவல்லியின் கையிலிருந்த டேப்லெட் திரையில் 'உள்ளே இருப்போர்: 386' என்று சிவப்பாக எரிந்தது.

"சென்சார் பழசு மேடம்," என்றான் நவுஷாத். வாரியத்தின் கருவிப் பொறியாளன்; இருபத்தெட்டு வயது, எதற்கும் பதறாதவன். "இதுக்கு முன்னாடி காலி பண்ண பதினோரு கட்டடத்துலயும் இதே கூத்துதான். 'கருவி பழுது'ன்னு எழுதி ஒரு கையெழுத்து. அஞ்சு மணிக்குப் புகை விட்டுட்டு வீட்டுக்குப் போலாம்."

புகை என்றால் கொசுப்புகை இல்லை. இடிப்பதற்கு முன் எலியும் கரையானும் அக்கம்பக்கம் பரவாமலிருக்க, வாசலையெல்லாம் அடைத்து உள்ளே விடுகிற நச்சுப்புகை. ஆறு மணி நேரம் கழித்து உள்ளே மூச்சோடு எதுவும் மிஞ்சாது. அந்த வண்டி வந்து நின்று, யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாயைத் தரைத்தள ஜன்னலுக்குள் நீட்டியிருந்தது. உள்ளே யாருமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் செண்பகவல்லி. மதிப்பீட்டு அலுவலர், நிலை இரண்டு. பிறந்தது கோவில்பட்டி. கோடு போட்ட நோட்டில் தேதியும் நேரமும் எழுதாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். முந்தைய பதினொன்றில் மூன்றுக்கு அவள்தான் 'கருவி பழுது' என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

இந்த முறை பேனா நகரவில்லை. பழுதென்றால் எண் நிற்கும், குதிக்கும், கோணல்மாணலாகப் போகும். இது ஒழுங்காக, ஒவ்வொன்றாக ஏறியது.

"இன்னாம்மா, உள்ள எத்தினி பேய் கீதாம்?" குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் தெருவைக் கடந்து வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "எங்க எல்லாரையும் தெருவுல நிக்க வச்சுட்டு, உள்ள முந்நூறு பேர் கீறாங்கன்னா, அவங்களுக்காச்சும் பட்டா குடுத்துடுங்க."

"சார், கொஞ்சம் அமைதியா..."

"அமைதிக்குத்தான் மார்க்கு போட்டியே. எவ்ளோ? முப்பத்தொண்ணா?"

முப்பத்தொன்றுதான். காற்று, வெளிச்சம், தண்ணீர், சத்தம், நெரிசல். ஐந்தையும் அளந்து நூற்றுக்கு மதிப்பெண். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் அந்தக் கட்டடம் மனிதர் வாழத் தகுதியற்றது. 'சி' பிளாக்கை விழுங்கியது நெரிசல். முப்பதுக்கு மூன்று. வீட்டு வாசல்நிலை ஒவ்வொன்றிலும் மிளகு அளவில் பதித்திருந்த கறுப்புக் குமிழ்கள், சுவர்க்காது என்று ஜனங்கள் பேர் வைத்தவை, நாள்தோறும் அறுநூறு எழுநூறு பேர் உள்ளே இருப்பதாக எண்ணியிருந்தன. ஷிஃப்டுக்கு ஆள் வைத்து வாடகைக்குப் படுக்க விடுகிறார்கள் என்று வாரியம் முடிவு கட்டியது. நேரில் சரிபார்க்க வந்தவளும் செண்பகவல்லிதான். ஏழாம் எண் வீட்டில் பதினோரு பாய் சுருட்டிச் சாத்தியிருந்ததைப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள்: 'பாய் - 11. வாரியத்தின் ஐயம் உறுதி.'

"ஏழாம் நம்பர்ல பதினோரு பாய் எதுக்கு இருந்துச்சு?" என்று இப்போது கேட்டாள். கேட்டபிறகுதான், அன்றைக்குக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

ஏகாம்பரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு வளைகாப்பு. வந்த சனம் எங்க குந்தும், உன் நோட்டு மேலயா? அன்னிக்கு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு கை வளையலும் போட்டு, எலுமிச்சை சோறும் குடுத்து அனுப்பியிருப்பாங்க."

அந்த நேரத்தில் தரைத்தளத்தின் கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். கதவை இழுத்துப் பூட்டினாள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். சாவியை இனி வாரியத்திடம் கொடுத்துவிட வேண்டும், திரும்பி வரப்போவதில்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கதவைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"வரேன்."

டேப் ஒரு தரம் அதிர்ந்தது. 387.

செண்பகவல்லி டேப்பையும் அந்தக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நவுஷாத், இந்தக் காது எதை வச்சு ஆள் எண்ணுது? காலடியையா?"

"காலடி எண்ணினா தப்பா வரும் மேடம். ஒரே பையன் பத்து தடவை உள்ளயும் வெளியயும் ஓடுவான். வாசல்ல கேமரா கூடாதுன்னு சட்டம். யார் குரல்னு அடையாளம் வைக்கறதுக்கும் தடை. புதுக் கட்டடத்துல எல்லாம் கார்டு தேய்ச்சு உள்ள போறாங்க, பிரச்சினையே இல்ல. பழைய கட்டடத்துக்கு மட்டும் வாசல்ல பேசற வார்த்தையை வச்சு எண்ணும். உள்ள வர்ற வார்த்தைன்னா ஒண்ணு கூட்டும், வெளிய போற வார்த்தைன்னா ஒண்ணு கழிக்கும்."

"உள்ள வர்ற வார்த்தைன்னா?"

"வந்துட்டேன், வந்தாச்சு, வரேன், வாரேன், வரட்டா..." விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவன், "'வா'லேருந்து பொறந்த வார்த்தை எல்லாம். போறேன், கிளம்பறேன்னா வெளிய. அகராதி பார்த்துத்தான் போட்டிருக்காங்க" என்று முடித்தான்.

"காலைல வீட்டை விட்டுக் கிளம்பறப்ப உங்க அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"வரேம்மான்னு..." நவுஷாத்தின் வாய் அப்படியே நின்றது. முதல் தடவையாக அவன் பதறியதை அவள் பார்த்தாள். "அல்லாவே."

"நம்ம ஊர்ல எவன் போறேன்னு சொல்லிட்டுப் போவான்? எங்க வீட்டுல அப்படிச் சொன்னா வாயிலயே போடுவாக. வெளிய போன அத்தன பேரையும் உள்ள வந்ததா எண்ணியிருக்கு இது."

காலையில் வேலைக்குப் போகிறவன் சொன்ன வரேன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சொன்ன வரேன், பால் வாங்கப் போனவள், கோயிலுக்குப் போனவள், எட்டிப்பார்த்துவிட்டுப் போன பக்கத்துவீட்டுக்காரி. ஒரு நாளைக்கு அறுநூறு. அவள் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். நெரிசலுக்கு நியாயமாக முப்பது. மொத்தம் ஐம்பத்தெட்டு. 'சி' பிளாக் வாழத் தகுந்த கட்டடம். பதினோரு பாயைப் பார்த்தவளின் கையெழுத்து அதை இடிக்கக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

போனில் இணை இயக்குநரைப் பிடித்தாள். மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சுவாரசியமான விஷயம்தான் மிஸஸ் செண்பகவல்லி. எழுத்துல குடுங்க, கமிட்டி வைப்போம். இப்ப காலி பண்ணியாச்சு, வண்டி வாடகை ஓடுது. பழுதுன்னு எழுதிப் போடுங்க."

"போட முடியாது சார்."

"நீங்க சிரமப்பட வேணாம். உங்க கையெழுத்து சிஸ்டத்துல இருக்கு. அஞ்சு மணிக்கு உங்ககிட்டேருந்து வேற எதுவும் வரலைன்னா நாங்களே போட்டுக்கறோம்."

அவர் போனை வைத்துவிட்டார். மணி நாலு முப்பத்தேழு.

"மேடம், கூட்டலைக் கழித்தலாவும் கழித்தலைக் கூட்டலாவும் மாத்திப் பார்த்துட்டேன்," என்றான் நவுஷாத். "அப்பவும் பூஜ்யம் வரல. நாப்பத்தொண்ணு காட்டுது. கைக்குழந்தைங்க, கோவத்துல பேசாமப் போனவங்க, அவங்களை இது எண்ணாது. ஆனா உள்ள யாரும் இல்ல மேடம். நானே ஒவ்வொரு தளமா கத்திட்டு வந்தேன்."

"இன்னிக்குக் கேட்ட வார்த்தையெல்லாம் பட்டியலாக் காட்டுங்க."

பட்டியல் விரிந்தது. உள்ளே வரும் சொற்கள்: 174. வெளியே போகும் சொற்கள்: 1.

இருநூற்றுப் பதினான்கோடு நூற்று எழுபத்துநான்கைக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் முந்நூற்று எண்பத்தேழு. கணக்கு இம்மி பிசகவில்லை. அவள் பார்வை அந்த ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டது.

'வீடு 27. பிற்பகல் 2.05. போறேன்.'

"இருபத்தேழு யாரு?" தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"தணிகாசலம்," என்றார் ஏகாம்பரம். "மோட்டார் போடற மனுசன். தனி ஆளு. இருபத்தாறு வருசமா இந்த பிளாக்குக்குத் தண்ணி ஏத்தி வுட்டது அவருதான். அப்பவே போயிட்டாரே?"

"போறதப் பார்த்தீங்களா?"

ஏகாம்பரம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இருபத்தெட்டாம் எண் வீட்டுப் புனிதா மூட்டையிலிருந்து எழுந்தாள்.

"எங்கிட்ட சொல்லிக்கினுதானே போனாரு. வீட்டைப் பூட்டி, சாவிய எங்கையில குடுத்து, 'போறேன் புனிதா'ன்னாரு. எனக்கு சுருக்குனு ஆயிருச்சு. 'இன்னாண்ணே, வாயக் கழுவு, போயிட்டு வரேன்னு சொல்லு'ன்னேன். சிரிச்சாரு. சொல்லல." புனிதாவின் குரல் இறங்கியது. "நான் பாத்திரம் கட்டிக்கினு இருந்தேன்... படியில காலடி கேட்டுது. கீழதான் எறங்கியிருப்பாருன்னு..."

அவள் முடிக்கவில்லை. எல்லோரும் ஏக காலத்தில் மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி, அதன் காலடியில் தகரக் கதவு போட்ட மோட்டார் அறை. நவுஷாத் கத்திக்கொண்டே போனது தளங்களில்தான். மாடிக்கு அவன் போகவில்லை.

"நான் ஏறுறேன். வண்டிக்காரரைப் பிடிச்சு வைங்க."

"அவன் என் பேச்சைக் கேட்க மாட்டான் மேடம். அவனுக்கு ஹெட் ஆபீஸ் ஆர்டர் வந்தா போதும்!"

"கேக்காட்டி இருக்கட்டும்," என்ற ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டி, துதிக்கைக் குழாய் மேல் யானைப்பாகன் மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டார். "தோ, டிரைவர் தம்பி, இப்ப தொற பாக்கலாம்."

நான்கு மாடி. செண்பகவல்லிக்கு நாற்பத்து மூன்று வயது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். காலியான வீடுகள் தாண்டித் தாண்டிப் போயின. சுவரில் பிள்ளைகளின் உயரம் குறித்த பென்சில் கோடுகள். மொட்டைமாடி வெயிலில் கண் கூசியது. மோட்டார் அறைக் கதவு உள்பக்கம் தாழ்.

"அய்யா! தணிகாசலம் அய்யா!"

தகரத்தைக் குத்தினாள். கடைசியில் உள்ளேயிருந்து, தூங்கி எழுந்த மாதிரி ஒரு குரல்.

"யாரு?"

"வாரியத்துல இருந்து. அஞ்சு மணிக்குப் புகை விடுறாங்கய்யா. வெளிய வாங்க."

"தெரியும்மா. நீங்க எறங்கிருங்க. பாவம், ஏறி வந்துட்டீங்க."

"உங்களுக்குப் புது இடத்துல வீடு குடுத்திருக்காங்கல்ல? தொண்ணூத்தொரு மார்க் வாங்குன கட்டடம்யா."

"போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் கீது. தண்ணி தானா ஏறுதாம், தானா நிக்குதாம். எதுத்த வீட்ல யாருன்னு கேட்டேன், கார்டு போட்டாத்தான் தெரியும்னான்." உள்ளே இரும்பு ஏதோ தரையில் உரசியது. "இங்க காலைல அஞ்சரைக்கு மோட்டார் போடலன்னா முப்பத்திரண்டு வீடும் என்னைத் திட்டும். அங்க என்னைத் திட்ட யார் கீறா?"

மணி நாலு ஐம்பது. கெஞ்சினால் இந்த மனிதர் வரமாட்டார். ஆறுதல் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: உள்ளதை உள்ளபடி அறிக்கை கொடுப்பது.

"அய்யா, இந்தக் கட்டடத்துக்கு மார்க் போட்டது நாந்தான். தப்பாப் போட்டுட்டேன்."

உள்ளே அசைவு கேட்டது. "இன்னா தப்பு?"

"நீங்கள்லாம் வாசல்ல 'வரேன்'னு சொல்லிட்டு வெளிய போறீங்கல்ல. அந்த மெஷின் அதை நெசமாவே உள்ள வர்றதா எண்ணிருச்சு. காலைல ஒரு ஆள் வேலைக்குப் போனா, வீட்டுல ஒரு ஆள் கூடியாச்சு. அப்படித்தான் இந்த பிளாக்குல அறுநூறு பேர் இருக்காங்கன்னு ஆச்சு. அதை நம்பி நான் கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு எல்லாரும் காலி பண்ணிப் போகப் போக, உள்ள கூட்டம் ஏறிக்கிட்டே இருக்கு. இப்ப முந்நூத்தி எண்பத்தேழு."

உள்ளே ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தாள். சிரிப்பு. அடக்க முடியாமல், தகரம் அதிர, மூச்சுத் திணறச் சிரித்தார் அந்த மனிதர்.

"அப்போ 'போறேன்'னு சொன்ன நான் ஒருத்தன்தான் வெளிய போனவனா?"

"ஆமாய்யா. மெஷின் கணக்குல நீங்க இங்க இல்ல. அதான் ஏறி வந்தேன்."

தாழ்ப்பாள் விலகியது. அரும்பிய நரைத்தாடி, கையில் ஒரு பழைய ஸ்பேனர், கண்ணில் சிரித்த ஈரம். "ஏம்மா, அப்போ கட்டடத்து மேல குத்தம் இல்லியா?"

"ஐம்பத்தெட்டு மார்க். பாஸ்."

இறங்கும்போது மூன்றாம் தளத்தில் அவர் நின்றார். அவள் அவசரப்படுத்தினாள், அவர் கேட்கவில்லை. இருபத்தேழாம் எண் வீட்டின் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். மதியம் சொன்னதை அழிக்கிறவர் மாதிரி, கதவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"போயிட்டு வரேன்."

கீழேயிருந்து நவுஷாத் தன் போனைப் பார்த்துக் கத்தினான். "மேடம்! முந்நூத்தி எண்பத்தெட்டு!"

செண்பகவல்லி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்க அல்ல, எழுத. நாலு ஐம்பத்தைந்து. டேப்பில் சான்றிதழைத் திறந்து தட்டினாள்:

'வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற கருவியின்படி, இந்த நேரத்தில் கட்டடத்தினுள் 388 பேர் உள்ளனர். புகை செலுத்த இயலாது.' கீழே தன் கையெழுத்து. அனுப்பினாள்.

இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"என்ன விளையாட்டு இது? உள்ள யாரும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும் சார். ஆனா மார்க் போடறப்ப யாரும் கண்ணால தலையை எண்ணல, நானுந்தான்; காது சொன்னதைத்தான் எடுத்துக்கிட்டோம். காது இன்னிக்கும் சொல்லுது, முந்நூத்தி எண்பத்தெட்டு பேர்."

"அது பழுது!"

"அப்படின்னா எழுதிக் குடுங்க சார், காது தப்பா எண்ணுதுன்னு. உங்க கையெழுத்துல. தப்பா எண்ணுதுன்னா முப்பத்தொரு மார்க்கும் தப்பு. அந்தப் பதினோரு கட்டடத்துக்கும் சேர்த்து எழுதணும். மார்க் போடறப்ப சரி, காலி பண்றப்ப பழுதுன்னு ஃபைல்ல ரெண்டு விதமா இருக்கு. அதுல மூணு என் கையெழுத்து. நான் ஒத்துக்கறேன். உங்களுது எதுலயும் இல்ல பாருங்க."

மறுமுனையில் ஃபைல் புரளும் சத்தம் கேட்டது.

"வண்டியைத் திருப்பி அனுப்புங்க," என்றார் கடைசியில். "நாளைக்கு காலைல ஆபீசுக்கு வாங்க. உங்களைப் பத்திப் பேசணும்."

ஏகாம்பரம் குழாயிலிருந்து இறங்க மறுத்தார்; இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் இறங்கினார். தணிகாசலம் யாரிடமும் பேசாமல் மாடியேறினார். சற்று நேரத்தில் மோட்டார் உறுமியது. 'தண்ணி வுட்டாச்சா?' என்று யாரோ வழக்கம்போல வைதார்கள். மூட்டைகள் வந்த வழியே ஏறத் தொடங்கின.

புனிதா வீட்டு வாசலில் நின்றபடியே செண்பகவல்லி டீ குடித்தாள். கை சும்மா இருக்கவில்லை. தான் 'பழுது' என்று எழுதிக்கொடுத்த மூன்று கட்டடங்களின் காலிசெய்த நாள் பட்டியலைத் தேடி எடுத்தாள்.

முதலாவது. வரேன் - 131. போறேன் - 0.

இரண்டாவது. வரேன் - 96. போறேன் - 0.

மூன்றாவது, கால்வாய்க்கரைக் கட்டடம். ஜனவரியில் புகை விட்டு அடைத்தது. இடிக்க இன்னும் முறை வரவில்லை. வரேன் - 158. போறேன் - 1. 'வீடு 17. பிற்பகல் 3.52.'

டேப்பை நவுஷாத்திடம் நீட்டினாள். அவன் அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நிஜமாவே போயிருக்கலாம் மேடம். எல்லாரும் ஒரே மாதிரியா?"

"இருக்கலாம்."

"நாலு மாசம் ஆச்சு."

"சீல் உடைக்கக் கடப்பாரை வண்டியில இருக்கா?"

அவன் தலையசைத்தான். அவள் டம்ளரைக் கழுவி வைத்தாள். நோட்டில் தேதியும் நேரமும் எழுதினாள். அதற்கடுத்த வரியை வெறுமையாக விட்டாள்.

"அதுக்குள்ள கிளம்பிட்டியாக்கா?" என்றாள் புனிதா. "ஒரு வாய் சாப்ட்டுப் போலாமே."

செண்பகவல்லி வாசலில் நின்று, நிலையில் இருந்த மிளகளவுக் குமிழை ஒரு தரம் பார்த்தாள்.

"வாரேன்," என்றாள்.

நவுஷாத்தின் கையில் டேப் மெல்ல அதிர்ந்தது.